தலை திரும்பிய காண்டாமிருகம்

பேய், ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சா எழும்பிப் போற ஆளு நான். வத்தேகமையில சித்திர டீச்சர், கண்ணால பாக்குறத அளந்து வரையிறதுதான் என் வேலை. நம்புறதும் விடுறதும் உங்க இஷ்டம்.

போன மழைக்காலத்துல ஒரு சனிக்கிழமை, எங்க பள்ளிக்கூட விஞ்ஞான டீச்சர் பரீதாவோட கண்டிக்குப் பக்கத்துல ஒரு சின்ன மியூசியத்துக்குப் போனேன். பரீதா அக்குறணைக்காரி, அப்ப வயித்துல ஏழு மாசம். ஒரு காலத்துல இலங்கையில இருந்து அழிஞ்சு போன காண்டாமிருகத்த அங்க சீமெந்துல பெருசா செஞ்சு வச்சிருக்காங்க, அத வரைஞ்சு வகுப்புல காட்டணும்னு எனக்கு ஆசை. பரீதா கால் வலிக்குதுன்னு இடப்பக்கச் சுவரோரம் கிடந்த நீள வாங்குல உக்காந்துட்டா.

நான் வழக்கம் போல பென்சில நீட்டிப் பிடிச்சு ஒரு கண்ண மூடி அளந்து, மெல்லிசா முட்டை முட்டையா உருவம் போட்டு, தோல் மடிப்புக்கெல்லாம் நிழலும் போட்டுட்டு நிமிந்து பாக்குறேன், சிலை நேரா என்னையப் பாக்குது, பேப்பர்ல தலை பரீதா பக்கம் திரும்பியிருக்கு. சரி, அளவு பிழைச்சிருச்சுன்னு தலைய அழிச்சிட்டு திரும்ப வரைஞ்சேன். திரும்பவும் அப்பிடித்தான். மூணாவது தடவ சிலைய விட்டு கண்ண எடுக்கவே இல்ல, முடிச்சிட்டு பேப்பரப் பாத்தா காது ரெண்டையும் விறைச்சுக்கிட்டு அந்தச் சுவரையே பாத்துக்கிட்டு நிக்குது.

"பரீதா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"கால் வலிக்கிது டீச்சர், இங்க கொண்டாங்களேன்."

"இல்ல, நீங்க வாங்க!"னு கத்திட்டேன். ஏன் கத்தினேன்னு இன்னும் தெரியாது.

முனகிக்கிட்டே வந்து பேப்பரப் பாத்தா, சிலையப் பாத்தா. "அதுக்கு தல நேராத்தானே ஈக்கி"ன்னு சொல்லி வாய் மூடல, அந்தச் சுவருக்குப் பின்னால இருந்த மண்மேடு மழையில சரிஞ்சு, சுவரோட சேந்து வாங்குக்கு மேல விழுந்துச்சு. வாங்கு இருந்த இடமே தெரியல.

"அல்லாஹ்வே"ன்னு என் கையப் புடிச்சா. ரெண்டு பேரும் வெளியில ஓடி மழையில நின்னு அழுதோம், அப்புறம் பைத்தியம் மாதிரி சிரிச்சோம். "உள்ளுக்கு உதைக்கிறா டீச்சர்"னு என் கைய எடுத்து வயித்துல வச்சா பாருங்க, அப்பதான் எனக்கு உயிர் வந்துச்சு. இப்ப அந்த மகள் தவழுறா.

படத்த மட்டும் வகுப்புல காட்டல. அன்னைக்கு வெளிச்சம் வந்தது வலப்பக்க ஜன்னலால மட்டும்தான். நிழல் இடப்பக்கம் விழணும். நான் போட்டிருக்கிற நிழல் பூரா வலப்பக்கம் கிடக்கு. விழுந்த சுவரோட ஓட்டையால வெளிச்சம் வந்தாத்தான் அப்பிடி விழும், ஆனா நான் நிழல் போடுறப்ப அந்தச் சுவர் முழுசா நின்னுச்சு.