கருவேலத்தில் சிக்கிய பாய்மரப் படகு

பஞ்சாயத்து இரண்டு முறை இல்லையென்ற வீட்டுமனை, மாமனார் தர மறுத்த பெண், கடலையே பார்க்காமல் கட்டிய இரட்டைப் பாய்மரப் படகு: வண்டிப்பட்டறை வேதகிரி வென்றவை இவை. படகில்தான் அக்கா சிட்டம்மாளுக்குப் பெருமை அதிகம். காலண்டர் படத்தைப் பார்த்து, உடைந்த மாட்டுவண்டிப் பலகைகளால் அவன் அதைக் கட்டியபோது, தன் புடவைகளைப் பாயாகத் தைத்துக் கொடுத்தவள் அவள்.

1977 மழையில் உத்திரமேரூர் ஏரி நிரம்பியதும் படகு கம்பீரமாகக் கிளம்பியது. நடு ஏரியில், தண்ணீருக்குள் மறைந்திருந்த இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவே வசமாகச் சிக்கிக்கொண்டது. எத்தனை பேர் இழுத்தும் வரவில்லை.

கோடையில் ஏரி வற்றியதும், ஏரிக்குள் நின்ற மரங்களை ஏலம் எடுத்த வேதாசலம் கோடாலி ஆட்களோடு வந்தார்.

"ஏரில நிக்கிற மரமெல்லாம் என்து. இதுவும் மரமாத்தானே கீது?"

"அது படகுங்க," என்றாள் சிட்டம்மாள்.

"தண்ணியே இல்லாத எடத்துல இன்னாம்மா படகு?"

பஞ்சாயத்துத் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: அடுத்த மழையில் நகர்ந்தால் படகு, நகராவிட்டால் விறகு.

வேதகிரி படகிலேயே காவல் இருந்தான். சும்மா உட்காருவானேன் என்று, படகின் பக்கப்பலகையில் கரித்துண்டால், எழுதப் படிக்கத் தெரியாத அவன் பெயரை எழுதி, அதன்மேலேயே எழுதிப் பழக வைத்தாள் சிட்டம்மாள். வேதாசலமோ தன் பங்கில் ஒரு குச்சியையும் விடக்கூடாதென்று, படகைப் பிடித்திருந்த இரண்டு மரங்களையும் அடியோடு வெட்டிக்கொண்டு போனார்.

ஐப்பசி மழையில் படகு தானாகவே மிதந்து கரைக்கு வந்தது.

"மெய்யாலுமே வர்துடா," என்றார் வேதாசலம்.

படகைப் பெற்றுக்கொண்டதற்குக் கைநாட்டு வைக்கச் சொல்லித் தலைவர் மைப்பெட்டியை நீட்டினார். வேதகிரி பேனா கேட்டான். அவன் போட்ட முதல் கையெழுத்தின் தேதி 1978 நவம்பர் 9.