அவிட்டம் முதல் ரேவதி வரை

தச்சநல்லூரில் அப்பா விட்டுப்போன வீட்டில் மூன்று குடித்தனங்கள். பாதி எனக்கு, பாதி பாளையங்கோட்டையில் இருக்கும் அக்காவுக்கு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சூரத், கோவா, மங்களூர் என்று கிடைத்த இடத்தில் கிடைத்த வேலையைச் செய்து, லாரி ஷெட்டுகளில் படுத்து எழுந்தேன். நாற்பத்தைந்து வயதில் ஊர் திரும்பியபோது மொட்டைமாடி அறையை எனக்குக் கொடுத்து வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் அக்கா. மோட்டார் ஓடாவிட்டால் நான், கக்கூஸ் அடைத்தால் நான், சுவரில் ஓதம் ஏறினால் நான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதைவிட மோசமான வேலைகள் செய்திருக்கிறேன்.

நடு வீட்டில் ஒரு பெயிண்டரும் அவர் மனைவியும் எட்டு வருடமாகக் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அந்தம்மா பீடி சுற்றுவார். மூன்று வீட்டுக்கும் பெயிண்ட் அடித்தது அவர் கணவர்தான். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, கால் சூம்பிப் போனபோது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நான் பார்க்கப் போனேன். பேச மூச்சு போதாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"என்னை இங்கன இருந்து தூக்கிரக் கூடாது அண்ணாச்சி. இந்தச் செவரெல்லாம் நான் அடிச்சது."

தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை.

முன் வீட்டில் இருப்பவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் நல்ல மரியாதை. தினசரி காலண்டரில் தாள் கிழிப்பதே அவருக்கு ஒரு பூஜை. அடுத்த நாள் காலை மாடிப்படியில் என்னை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை அவிட்டம் பிறக்கிறது, அதிலிருந்து ரேவதி வரை ஐந்து நாளும் அடைப்பு என்றார். அந்த நட்சத்திரங்களில் ஒருவர் செத்தால், செத்த வீட்டை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். பூட்டாவிட்டால் அக்கம்பக்கத்திலும் சாவு விழும் என்பார்கள்.

"நாங்க பேரப்பிள்ளைய வச்சிருக்கோம் தம்பி. ஏதாச்சும் ஆச்சின்னா காலி பண்ணுததத் தவிர வழியில்ல. அவிய சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயி இருக்கட்டுமே, அஞ்சே நாளு."

சாயங்காலமே அக்கா போன் செய்தாள். அவர் அவளிடமும் பேசியிருந்தார்.

"ஏலே, உனக்கு என்ன, பையத் தூக்கிட்டுப் போயிருவ. அடைச்சுக் கெடந்த வீட்டுக்கு எவம்லே குடி வருவான்?"

இது ஒரு மனிதன் சாகிற விஷயம் என்று அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். முன் வீட்டுக்காரரிடம், நீங்கள் வேண்டுமானால் ஐந்து நாள் மகள் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரிடமும் "பார்ப்போம்" என்றுதான் சொன்னேன். பிடிக்காத பேச்சு வந்தால் பஸ் ஏறுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஸ்ரீவைகுண்டத்தில், காயில் எரிந்து கம்பி சுற்றக் கொடுத்திருந்த மோட்டாரை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். அரை நாள் வேலை. வாழைக்காய் லோடு ஏற்றும் பழைய சிநேகிதன் ஒருவனோடு மூன்று நாள் தங்கிவிட்டேன்.

திரும்பி வந்தபோது நடு வீட்டில் பூட்டுத் தொங்கியது. வியாழக்கிழமை மத்தியானமே அக்கா வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்திருக்கிறாள். முன் வீட்டுக்காரர்தான் பெயிண்டரின் காலைப் பிடித்து ஏற்றினாராம். அதை அவரே என்னிடம் ஏதோ தருமம் செய்ததுபோலச் சொன்னார்.

அந்தம்மாவின் தம்பி மேலப்பாளையம் போகிற வழியில் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கவிழ்த்து வைத்த அண்டாக்களுக்கும் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் நடுவில் ஒரு பெஞ்சில் கிடந்தார் பெயிண்டர். கார்த்திகை மாதத்திலும் தகரம் காந்தியது. அந்தம்மா பீடி சுற்றும் சுளகில் கிடந்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். திரும்ப வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன், இப்போதே வண்டி பிடிக்கிறேன் என்றேன். தம்பிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னொரு மட்டம் ஏத்தி இறக்குனா வழியிலயே போயிருவாவ. சும்மா கெடக்கட்டும் வே."

பெயிண்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

ஐந்து நாளும் அவருக்கு உயிர் இருந்தது. ஆறாம் நாள், அடைப்பு கழிந்த அசுவினியில், காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார். அன்று வீட்டில் செத்திருந்தால் பூட்டவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவர் அடித்த சுவர்களுக்குள் போயிருக்கலாம். ஆற்றங்கரையில் எரிக்கும்போது முன் வீட்டுக்காரரும் துண்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்ல நட்சத்திரம் பார்த்துப் போயிருக்கிறார், புண்ணியவான் என்றார். என் ஆயுளில் யாரையும் அடிக்க அவ்வளவு ஆசை வந்ததில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, வீட்டைக் காலி செய்யுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவே இல்லை. நாளை மறுநாள் மார்கழி பிறக்கிறது என்றார். "மார்கழியில எவன் வீடு மாறுவான் தம்பி? தை பொறக்கட்டும்." சுற்றி நின்றவர்கள் அதுவும் நியாயம்தானே என்றார்கள். செத்தவரின் சொந்தக்காரர்களே சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அந்தம்மா சாமான் எடுக்க வந்தார். நான் பூட்டைத் திறந்துவிட்டு, இங்கேயே இருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கேஸ் அடுப்பின் டியூபைக் கழற்றிச் சுருட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"உங்க அக்கா வந்து நின்னப்ப நான் சொன்னேன், அண்ணாச்சி வரட்டும்னு. அண்ணாச்சியும் சம்மதிச்சாச்சுன்னாவ. நீங்க அப்பிடிச் சொல்லலன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

கட்டிலை நானும் டிரைவரும் தூக்கி லோடு ஆட்டோவில் வைத்தோம். பெயிண்ட் பிரஷ்கள் கிடந்த வாளியை அந்தம்மா மடியில் வைத்துக்கொண்டார். முன் வீட்டு வாசலில் பெரிய கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்திருந்தார்கள். வண்டி அதை ஒட்டித் திரும்பியது. முன் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழி என்று அந்தம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.