கற்பூரத்தில் எரிந்த ஏழு சீட்டு

சீட்டுக் குலுக்கலில் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள், தலைவரே.

கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் பதினொரு குடும்பம் இருந்தோம். காலி செய்வதற்கு ஈடாக எங்களுக்குக் கிடைத்தது நான்கு வீடுதான். முனீஸ்வரர் முன்னால் பெயரெழுதிக் குலுக்கலாம் என்றீர்கள். சீட்டு எழுதியது நீங்கள், பிஸ்கட் டின்னில் போட்டது நீங்கள், எடுத்ததும் நீங்கள். நான்கு வீடும் உங்கள் சொந்தக்காரர் நான்கு பேருக்கே விழுந்தது.

மீதிச் சீட்டுகளைக் கற்பூரத் தட்டில் கொட்டினீர்கள். “சாமி சீட்டும்மா, கால்ல மிதிபடக்கூடாது,” என்றீர்கள். எங்கள் வழக்கம் அதுதான். தட்டைப் பிடித்திருந்தவளே நான். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. எரிந்து முடிந்ததும் திருநீறு பூசிக்கொண்டேன்.

இப்போது புக்கிட் செந்தோசாவில் வாடகை வீடு. ராவாங் தொழிற்சாலையில் பாட்டில் மூடிகளைச் சோதிக்கும் வேலை. பெட்டியிலிருந்து கண்ணை மூடி நான்கு மூடி எடுப்பேன். எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது. ஒருநாள் கை பெட்டிக்குள் இருக்கும்போதே உங்கள் டின் ஞாபகம் வந்தது.

முதல் சீட்டு உங்கள் சொந்தத்துக்கு விழ, பதினொன்றில் நான்கு வாய்ப்பு. அதில் யாரும் சந்தேகப்பட முடியாது. ஒரு சீட்டு வெளியே வந்துவிட்டது, ஆகவே அடுத்ததற்குப் பத்தில் மூன்று. பிறகு ஒன்பதில் இரண்டு. கடைசிக்கு எட்டில் ஒன்று. பெருக்கிப் பார்த்தேன்: முந்நூற்று முப்பது தடவை குலுக்கினால் ஒரு தடவை நடக்கலாம்.

என் கணவரிடம் சொன்னேன்.

“அந்த ஒரு தடவை அன்னிக்கு வந்திருக்கும் லா. அவங்க நேரம். உனக்கு ஏன் வயிறு எரியுது?”

“வந்திருக்கலாம். இல்லன்னு நான் சொல்லல. ஏழு சீட்டையும் எதுக்கு எரிச்சாரு?”

அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவர் கேட்டதும் நியாயம்தான். அபூர்வமாக நடந்தது என்பதாலேயே அது திருட்டு ஆகிவிடாது. அந்த ஏழு சீட்டையும் பிரித்து, ஒன்றில் என் பெயரைப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டு லோரியில் சாமான் ஏற்றியிருப்பேன். பார்க்க விடாமல் எரித்தீர்கள். எரிக்கத் தட்டு நீட்டியது என் கை. அந்தக் கோபம் எனக்கு என்மேலும் இருக்கிறது.

அடுத்த முனீஸ்வரர் பூசைக்குப் பதினொரு குடும்பமும் வருவோம். தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசாதீர்கள். எல்லார் முன்னாலும், அதே இடத்தில் நின்று சொல்லுங்கள்: அந்த டின்னில் எங்கள் பெயர் இருந்ததா, இல்லையா?