இகுமெனித்சாவில் ஒரு தோடந்தோட்டம்

அப்பாவுக்குச் சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்த கோடையில், எங்கள் ஊரான எம்மன்புரூக்கேயிலிருந்து முதன்முதலாகக் கடலுக்குப் போனோம். அம்மா ஸ்பெயின் என்று சொல்லிப் பார்த்தா. அப்பா கிரேக்கத்தில் இகுமெனித்சா என்று ஒற்றைக்காலில் நின்றார்.

இத்தாலியிலிருந்து வந்த கப்பல் எங்களைக் காரோடு இறக்கிவிட்டது. அந்த ஊரில் சுற்றுலாக்காரர் யாரும் தங்குவதில்லை. பெரிய துறைமுகம், வரிசையாக லொறிகள், கரையோரம் காப்பிக் கடைகள், பின்னால் மலை, எதிரே கோர்ஃபு தீவு, அவ்வளவுதான். ஆனால் நகரசபையின் எல்லை அகலமானது. தெற்கே சிவோத்தாவின் பச்சைக் கடல். வடக்கே கலமாஸ் ஆற்றங்கரை முழுவதும் தோடை என்கிற ஆரஞ்சு மரங்கள். நான் புது நீச்சலுடையோடு தெற்கைக் கேட்டேன். அப்பா வடக்கே திருப்பினார்.

ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஏறினார்.

"இத்தனை வருசத்துக்குப் பிறகு என்னெண்டு கண்டுபிடிக்கப் போறீங்கள்?" என்றா அம்மா.

"தண்ணி இறைக்கிற மோட்டர் கொட்டில் ஒண்டு இருந்தது. கண்டால் தெரியும்."

சுவிஸுக்கு வரும் வழியில், களவாக லொறி ஏறக் காத்திருந்த குளிர்காலத்தில், அப்பா காய்ச்சலோடு அந்தக் கொட்டிலுக்குள் கிடந்தாராம். தோட்டக்காரர் பொலிசைக் கூப்பிடாமல் கம்பளியும் சூப்பும் கொண்டுவந்தாராம். அம்மா சொல்லி அன்றுதான் எனக்குத் தெரியும்.

மத்தியானம் கொட்டிலைக் கண்டோம். தோட்டக்காரர் கிழவராகி முற்றத்தில் இருந்தார். அப்பா கையாலும் முகத்தாலும் கதை சொன்னார். காய்ச்சலில் நடுங்கியதைக்கூட நடித்துக் காட்டினார். கிழவர் தலையைச் சொறிந்து மகளிடம் ஏதோ சொன்னார். ஜெர்மனியில் வேலை செய்திருந்த அந்த அக்கா அதை ஜெர்மனில் சொல்ல, நான் முந்திக்கொண்டு தமிழில் சொன்னேன்: "அப்பா, அவருக்கு உங்களை ஞாபகம் இல்லையாம். அந்த நேரம் கன பேர் வந்தவையாம்."

அப்பா வாடிப்போவார் என்று நினைத்தேன். அவரோ கிழவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிழவர் கூச்சத்தோடு கைகளை விடுவித்துக்கொண்டு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். பாண், அவரைக்கொட்டைச் சூப், வெள்ளைச் சீஸ். அப்பா கண்ணைத் துடைத்துத் துடைத்து இரண்டு கோப்பை குடித்தார்.

பின்னேரம் ஒருவழியாகச் சிவோத்தாவுக்குப் போனோம். நீந்தத் தெரியாத அப்பா, இடுப்பளவு தண்ணீரில் நின்று தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குத்தான் உங்களைத் தெரியேல்லையே, பிறகென்ன சந்தோசம்?" என்று கேட்டேன்.

"அதுதானம்மா சந்தோசம். கன பேர் வந்தவையெண்டு சொன்னாரெல்லே."

பதில் தெரியாமல் மழுப்புகிறார் என்று நினைத்து, தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தேன்.