தழும்பில்லாத படம்

என் இடது கன்னம் வெந்து சுருங்கியது. கப்பலொன்றில் கரி அள்ளியபோது நீராவி அடித்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பல துறைமுகங்கள் சுற்றியபின், திருகோணமலைக்கு வந்து சல்லி என்ற ஊரின் கடற்கரையில் கரைவலை இழுத்தேன்.

அங்கே மீன் காயவைத்த பூரணத்தை விரும்பினேன். பெண் கேட்பதற்காக அவளின் அண்ணனிடம் என் படத்தைக் கொடுத்தேன். பட்டினத்து ஸ்டூடியோக்காரரைக் கொண்டு அதில் தழும்பை அழித்திருந்தேன்.

மறுநாள் காலை, வலைக்காரர் எல்லோர் முன்னாலும் அவள் அந்தப் படத்தை நீட்டினாள்.

"இது ஆர், உங்கட தம்பியோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நான்தான். தழும்பைக் கண்டா மாட்டன் எண்டு சொல்லுவீர் எண்டு பயந்திட்டன்."

"ஒவ்வொரு நாளும் காணுற தழும்புதானே. இந்த வழுவழு மூஞ்சி எனக்கு வேண்டாம், தழும்புக்காரனே போதும்."

"அப்ப என்ர குணத்துக்காகவோ ஓம் எண்டுறீர்?"

"உங்கட குணத்தை ஆர் கண்டது? வலை இழுக்கிற முதுகைத்தான் கண்டனான்."

கரைவலை இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார்கள். அப்போது கரையில் மீன் காயவைக்கும் பெண்களுக்கு எங்கள் முதுகுதான் தெரியும். கன்னத்தையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவேயில்லை.

முகத்தைப் பாராமல் மனதைப் பார்த்துக் கட்டியவள் என்று ஊரார் இன்றும் அவளைப் புகழ்கிறார்கள். நான் விடுவதில்லை, மறுத்துச் சொல்கிறேன். வெந்த கன்னக்காரன் மேல் ஒருத்தி ஆசைப்படக் கூடாதா? பூரணம் ஆசைப்பட்டாள். படத்தில் நான் தழும்பை அழித்ததுபோல அந்த ஆசையையும் அழித்து, அதை இரக்கம் என்று காட்ட இனி யாரையும் விடமாட்டேன்.