முப்பது வீட்டுக்கு ஒரே சொல்

போன மாதம் எங்கள் டோபிக் கடையின் இணையக் கணக்குக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். துணி எடுக்க வரச் சொல்லி வாடிக்கைக்காரர்கள் பதிவது அதில்தான். இப்போது கடைக்கு மூன்று கிளை. மூன்றிலும் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். கடைப் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. மகன் வைத்தது. மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஒரே சொல்லு யாராச்சும் வைப்பாங்களா மாமா?"

நானும் வைத்திருக்கிறேன். சுதந்திரம் வந்த வருஷம்.

அப்போது காஜா பெராங் என்கிற பேட்டையில் ஒரே கடை. பலகைச் சுவர். முன்னால் மேசை, பின்னால் தொட்டி, அதற்கும் பின்னால் கொடிக் கயிறு. நான், மனைவி, அவள் தம்பி. மூன்று பேர்தான். நான் மூன்றாம் வகுப்பு. மைத்துனன் ஐந்தாவது. அதனால் எழுத்து வேலை அவனுக்கு.

ஆரம்பத்தில் பத்துப் பன்னிரண்டு வீடு. முகம் பார்த்துத் துணி கொடுப்போம். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் சேங்கொட்டை மையில் குறி இருக்கும். ஒரு புள்ளி ஒரு கோடு என்றால் வீட்டில் மலாய் பேசுகிற பக்கத்துச் சந்துச் செட்டி அம்மா. இரண்டு புள்ளி என்றால் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். எனக்கு அந்த எழுத்து போதும்.

பிறகு வீடு கூடியது. நர்ஸ்கள் வந்தார்கள். வாத்தியார்கள் வந்தார்கள். துணி எடுக்க டிரைவரை அனுப்பினார்கள், வேலைக்காரியை அனுப்பினார்கள். முகம் உதவவில்லை. சீட்டுக் கொடுத்தோம். ஒருநாள் கிராணியின் சீட்டைத் தெருவில் எவனோ பொறுக்கி, அவருடைய இரண்டு கால்சட்டையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். கிராணி கைலியோடு வந்து கடை வாசலில் நின்றார்.

"ஆபீசுக்கு இப்படியே போகட்டுமாப்பா?"

என் காசில் இரண்டு கால்சட்டை தைத்துக் கொடுத்தேன்.

அன்று மனைவி சொன்னாள். "சீட்டு தொலையும். வாய் தொலையாது. வீட்டுக்கு ஒரு சொல்லு கேட்டு வச்சுக்குவோம். வர்றவங்க அதைச் சொன்னாத்தான் துணி."

நல்ல யோசனை. வீடு வீடாகச் சைக்கிளில் போனேன். ஒரு சொல் சொல்லுங்கள், மறக்காத சொல்லாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

பாடாங்கில், ஊர் மைதானத்தில், தலைவர்கள் சுதந்திர நாளைச் சொன்னதிலிருந்து ஊரே மலாயில் சுதந்திரம் என்கிற ஒரு சொல்லைத்தான் கத்திக்கொண்டிருந்தது. காப்பிக் கடையில் கத்தினார்கள். லாரி மேலே நின்று கத்தினார்கள். செட்டி அம்மா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "மெர்டேக்கா லா!" என்றார். கிராணி, மெர்டேக்கா. நர்ஸ்கள் நாலு பேரும் மெர்டேக்கா. ஒரு வாத்தியார் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்து, "கத்திரிக்காய்" என்றார்.

எனக்குச் சந்தோஷம். மனத்தில் வைக்கச் சுலபம்.

மைத்துனன் நோட்டில் முதல் வீட்டுக்கு மட்டும் சொல்லை எழுதினான். கீழே வரிசையாக 'மேற்படி' போட்டான். வாத்தியார் வரி போக முப்பது வீட்டுக்கு மேற்படி. நோட்டை மேசைக்கு மேலே ஆணியில் மாட்டினான். வருகிறவர் முகத்துக்கு நேராக. அது மட்டுமில்லை. யாராவது தயங்கி நின்றால், "உங்க சொல்லு மெர்டேக்காதானே?" என்று இவனே கேட்டு, அவர்கள் தலையாட்டினால் துணியைக் கொடுத்துவிடுவான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தப்பாகத் தோன்றவில்லை.

சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு நாலு நாள் முன்னால் பேண்டு மாஸ்டர் வந்தார். போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் வீடு. ஊர்க்காரர்களைச் சேர்த்துத் தனியாக ஒரு பேண்டு வைத்திருந்தார். பாடாங்கில் அவர்களும் வாசிக்கப் போகிறார்கள். பன்னிரண்டு வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தானோடு.

"தம்பி, இதைச் சுத்தமா செஞ்சு குடு. வருஷம் பூரா பேண்டுத் துணி உனக்குத்தான். கறை கிறை பார்த்தேன்னா வேற கடைக்குப் போயிடுவேன். வருத்தப்படக் கூடாது."

"சரிங்க."

அவருடைய சொல்லையும் கேட்டேன். மெர்டேக்கா என்றார்.

அந்த வேலையை நம்பி இரண்டாவது தொட்டி கட்டச் சொல்லிவிட்டேன். கொல்லையில் செங்கல் வந்து இறங்கியது.

பித்தளையோடு வெளுத்தால் பச்சைக் கறை பிடிக்கும். பொத்தான்களைக் கழற்றிப் பால் டின்னில் போட்டோம். கோட்டுகளை வெளுத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு அடுக்கினோம். கொடுக்கும் முன்னால் பொத்தானை மாட்டினால் போதும்.

கொண்டாட்டத்துக்கு முதல் நாள் காலை. நான் டவுனில் நர்ஸ்கள் துணியைக் கொடுத்துவிட்டுப் பதினோரு மணிக்குத் திரும்பினேன். பேண்டுக் கட்டு அலமாரியில் இல்லை. அதே அளவில் வேறொரு கட்டு இருந்தது. கழுத்தைப் புரட்டினேன். இரண்டு கோடு. கடலோரக் கிளேபாங் சமையல்காரருடைய குறி. கல்யாண விருந்து சமைக்கிறவர். அவருடைய பரிமாறும் ஆட்களின் வெள்ளைக் கோட்டும் பன்னிரண்டுதான்.

"யாருக்குடா குடுத்த?"

"சமையல் நானாவோட ஆளு வந்தான் மாமா. சீட்டைக் காணோம்னான். சொல்லு கேட்டேன், சரியாச் சொன்னான். பன்னெண்டு வெள்ளைக் கோட்டுன்னான், எடுத்துக் குடுத்தேன்."

"என்ன சொல்லு?"

"மெர்டேக்கா."

"பேண்டுக்காரர் சொல்லு?"

நோட்டைப் பார்த்தான். "மேற்படி."

மனைவி உள்ளே இருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையல்காரருடைய கட்டைச் சைக்கிளில் வைத்துக் கட்டினேன். கிளேபாங்குக்கு மிதித்தேன்.

கல்யாண வீட்டில் முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. பேண்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு பேர் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பொத்தான் இல்லாததால் நெஞ்சில் ஊசி குத்தியிருந்தார்கள். சமையல்காரர் என்னைப் பார்த்ததும் கரண்டியோடு வந்தார். பாய் வீட்டுக்காரர். ஊரில் எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"வாப்பா, வா. உன்னைத்தான் தேடினேன். பன்னெண்டு கோட்டுலயும் பொத்தானைத் தொலைச்சிருக்கியே, நீ டோபியா, பொத்தான் வியாபாரியா?"

"நானா, அது உங்க கோட்டு இல்ல. பேண்டுக் கோட்டு. நாளைக்குப் பாடாங்குல வாசிக்கணும்."

அவர் பரிமாறுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தார். தோளில் பட்டை, கையில் தால்ச்சாக் குழம்பு வாளி.

"அதானே பார்த்தேன். பயலுக எல்லாம் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்கிறானுங்க."

"இப்பவே வேணும் நானா."

"பந்தி நடுவுல சட்டையக் கழட்டச் சொன்னா பொண்ணு வீட்டுக்காரன் என்னைக் கழட்டிடுவான். ஒருத்தன் ஒருத்தனா அனுப்புறேன். பின்னால நின்னு மாத்திக்க."

சோற்றுக் கிடாரத்துக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். கழற்றுவது, மாட்டுவது, வாளியைக் கையில் கொடுப்பது. ஒருவர் நல்ல பருமன். கோட்டு இறங்க மறுத்தது.

"இழுங்கண்ணே," என்றார்.

"இழுத்தாக் கிழியும்."

"அப்ப நானே வந்து வாசிச்சிடுறேன்."

இரண்டு பேர் பிடித்து உருவினோம். பன்னிரண்டும் கைக்கு வந்தபோது மணி ஒன்று. கழுத்துக் குறியை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று கோடு, மேலே புள்ளி, பேண்டுக் குறிதான். சரி. ஆனால் மூன்று கோட்டுகளின் கை நுனியில் தால்ச்சா.

கடைக்கு வந்ததும் மைத்துனன் அந்த மூன்றிலும் சோப்பைப் போட்டான். மஞ்சள் கறை சிவந்தது.

"ஐயோ மாமா, ரத்தமாயிடுச்சு!"

"மஞ்சள்டா," என்றாள் மனைவி. "சோப்பு பட்டாச் சிவக்கும். வெயில்ல போட்டாப் போயிடும். டோபி வீட்டுல பொறந்துட்டு அலறாத."

வெயில்தான் இல்லை. கடல் பக்கம் மேகம். எங்கள் கொடியில் மூன்று மணிக்கே நிழல். செட்டி அம்மா கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். தம் வாசலில் விழுந்த வெயிலைக் காட்டினார். "ஜெமூர் சினி லா." இங்கே காயப்போடு என்றார். அவர் வேலியில் போட்டேன். வெயில் நகர்ந்தது. நானும் கோட்டை எடுத்துக்கொண்டு வேலியோடு நகர்ந்தேன். இரண்டு வெளுத்துவிட்டன. மூன்றாவதில் நகக்கண் அளவு மஞ்சள் நின்றது. போகவில்லை.

மறுபடி கஞ்சி, இஸ்திரி, பொத்தான். விளக்கு வைக்கிற நேரம் பேண்டு மாஸ்டர் வந்தார். உள்ளே வரும்போதே, "மெர்டேக்கா!" என்றார்.

கட்டை மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது சொல்வார்கள். மஞ்சள் இருந்த கையைப் புரட்டிக் காட்டினேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஆட்டுக்கறி தால்ச்சா."

"ஆமாங்க."

"என் பேண்டுக் கோட்டைப் போட்டுக்கிட்டு எவனெவனோ சோறு போட்டிருக்கான்."

மைத்துனன் டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாஸ்டர் கோட்டுக் கையை நீட்டியும் மடித்தும் பார்த்தார்.

"ஊதுறவனுக்குக் குடுத்தா கை ஒரே இடத்துல நிக்கும். டிரம் அடிக்கிறவனுக்குப் போட்டுவிடுறேன். அவன் கையை எவனும் பார்க்க முடியாது. யார் கண்ணுலயாவது பட்டுச்சு, அடுத்த கடைதான்."

மறுநாள் பாடாங்கில் நல்ல கூட்டம். கழுத்து நீட்டித்தான் பார்க்க முடிந்தது. நான் டிரம் அடிக்கிறவர் கையைப் பார்த்தேன். கை நிற்கவே இல்லை. மஞ்சள் தெரியவில்லை.

"கொடியைப் பாருங்க," என்றாள் மனைவி.

"பார்த்தாச்சு."

பாட்டு முடியும்வரை கையைத்தான் பார்த்தேன்.

அந்த வாரமே நோட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். மறுபடி சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். மெர்டேக்கா கூடாது. ஒரு வீட்டுச் சொல் இன்னொரு வீட்டுக்குக் கூடாது. சொல்லை என் காதிலோ மனைவி காதிலோ சொல்ல வேண்டும். சீட்டு, சொல், கழுத்துக் குறி மூன்றும் சேர்ந்தால்தான் துணி. மைத்துனன் யாருக்கும் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கிராணிக்குக் கோபம்.

"நாடு வாங்கின சுதந்திரத்தை டோபி புடுங்குறான்."

வாத்தியார் மட்டும், "நான் அப்பவே கத்திரிக்காய் சொன்னேனா இல்லியா?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதனால் அவரும் மாற்ற வேண்டியதாயிற்று.

பத்து நாள் கழித்துப் பேண்டு மாஸ்டர் வந்தார். தோளில் மூட்டை. கோட்டு, கால்சட்டை, தொப்பி உறை எல்லாம் இருந்தது. மேசைமேல் போட்டார்.

"யாரும் பார்க்கல," என்றார்.

புதுச் சொல் வேண்டும் என்றேன். மைத்துனனைத் தள்ளிப் போகச் சொன்னார். குனிந்து என் காதில் ஒரு சொல் சொன்னார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் தொட்டிக்குக் கொத்தனார் வந்தார்.

இப்போது மருமகள் கடையில் ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்துவிட்டாள். சொல்லைப் போட்டாலும் கைபேசிக்கு ஓர் எண் வரும், அதையும் போட வேண்டுமாம். சீட்டும் சொல்லும்தான், எனக்குப் புரிந்தது. கடைக் கணக்கு இன்னும் என் பெயரில் இருப்பதால் என்னையும் ஒரு சொல் கேட்டாள். யாரும் ஊகிக்க முடியாததாக, நீளமாக.

பேண்டு மாஸ்டர் சொல்லைக் கொடுத்தேன். அவர் போய் வெகுகாலம் ஆகிறது. மனைவியும் இல்லை. அந்தச் சொல் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மருமகள் தட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.

"எங்கேயும் எழுதி வைக்காதீங்க மாமா," என்றாள்.

அதனால் இங்கேயும் எழுதவில்லை.