என்கொயரி அக்கா கேட்காமல் விட்டது

மருந்துக்கடைக்கு மேலே போகிற மாடிப்படி ரொம்பக் குறுகல். ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். மேலே ஒரே அறை. பெரிய கண்ணாடி, அதன் முன்னால் ஒரு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். பார்லர் என்றால் இவ்வளவுதான். இதை நடத்துகிறவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தெருவுக்கு அவள் என்கொயரி அக்கா.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. கை கால் முடி எடுக்க யார் வந்து படுத்தாலும் அக்கா உடனே வேக்ஸ் டப்பாவைத் தொடமாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பாள்.

"கடைசியா எப்ப எடுத்தீங்க? நடுவுல ஷேவ் பண்ணீங்களா? இன்னிக்கு எண்ணெய், கிரீம் ஏதாவது தடவினீங்களா? பருவுக்கு மருந்து போடறீங்களா? வெயில்ல அலைஞ்சீங்களா? சர்க்கரை இருக்கா? மாசமா இருக்கீங்களா?"

ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தாள். எண்ணெய்ப் பசை இருந்தால் வேக்ஸ் பிடிக்காது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்துத் தோல் புண்ணாகும். பரு மருந்து போடுகிற முகம் என்றால் முடியோடு தோலும் சேர்ந்து வரும். முடி ஒரு அரிசி நீளமாவது வளராமல் வந்தவர்களை, அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பியே அனுப்பிவிடுவாள். எல்லாம் சரியாக இருந்தால்தான் வெந்நீரில் பிழிந்த துண்டு வெளியே வரும். துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்து, பவுடர் தூவி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, வேக்ஸின் சூட்டைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் வேலை. அவசரக்காரர்கள் இதற்குள் பாதி உயிர் போன மாதிரி பெருமூச்சு விடுவார்கள். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

வாடிக்கையாக வருகிற ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் உண்டு. அவருக்கும் விலக்கு கிடையாது.

"அறுபதத் தாண்டியாச்சு எனக்கு. மாசமா இருக்கேனான்னு கேக்கறியே, உனக்கே நியாயமா இருக்கா?"

"கேக்கறது என் வேலை, டீச்சர். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"இல்லம்மா தாயே, இல்ல!"

பெஞ்சில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

முன்பு இந்த அறையில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். இன்னொருத்தி அக்காவின் தங்கை. வீட்டில் அவளை வால் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதிலிருந்தே அக்கா எங்கே போனாலும் பின்னால் போவாள். கை அப்படி ஒரு வேகம். அக்கா ஒரு காலை முடிப்பதற்குள் வால் ஒருத்தியையே முடித்து அனுப்பிவிட்டு ஹாயாகப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேள்வி கேட்பது மட்டும் அவளுக்கு வேப்பங்காய். "கால்ல முடி எடுக்க வந்தவங்களக் கூண்டுல ஏத்தி நிறுத்தறே" என்று அக்காவைக் கிண்டல் செய்வாள்.

ஒரு நாள் எதையும் கேட்காமல் ஒரு பெண்ணின் மேலுதட்டில் வேக்ஸைப் போட்டு இழுத்தாள். அது பருவுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த முகம். தோல் உரிந்து, அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள். அக்கா ஓடிவந்து ஈரத்துணி வைத்து ஒற்றினாள், மன்னிப்புக் கேட்டாள், காசு வாங்காமல் அனுப்பிவைத்தாள். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போதே தங்கை பக்கம் திரும்பி, "வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்லாதவளுக்கு இந்தத் தொழில் எதுக்குடீ?" என்று கத்திவிட்டாள்.

 வால் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ஊரின் அந்தக் கோடியில் ஒரு பெரிய பார்லரில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு சேதி வந்தது. அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை. கொஞ்ச நாளில் அக்காவும் செய்வதை நிறுத்திவிட்டாள். ரோஷத்தில் இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவர்கள் இல்லை. ஆனால் அந்த ஏப்ரனை மட்டும் அக்கா வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. தன்னுடையதைத் துவைக்கும்போது அதையும் துவைப்பாள், காயவைத்து அதே ஆணியில் மாட்டுவாள். அவள் வந்துவிட்டால் போதும் என்ற நினைப்பு இல்லாமல் ஒரு நாள்கூடக் கடையைத் திறந்ததில்லை.

அன்று மத்தியானம் கடையில் டீச்சர் மட்டும்தான், புருவம் திருத்திக்கொள்ள வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாடிப்படியில் யாரோ ஒவ்வொரு படியாக, நிதானமாக ஏறி வருகிற சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றது வால். படிகளைத் தாண்டித் தாண்டி ஏறுகிற பழக்கம் உள்ளவள், கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"வாங்க," என்றாள் அக்கா. வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பழகிய வாய், கூடப் பிறந்தவளிடமும் அப்படியே சொல்லிவிட்டது. "என்ன பண்ணணும்?"

"கால் வேக்ஸிங்."

டீச்சர் கையிலிருந்த பத்திரிகையைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். பிறகு முகம் மறைய உயர்த்திக்கொண்டார். "எனக்கொண்ணும் அவசரமில்ல. முதல்ல அவளப் பாரு" என்றார்.

திரைக்குப் பின்னால் வால் கட்டிலில் சாய்ந்துகொண்டாள்.  எந்த வார்த்தை எசகுபிசகாகப் போய் விழுமோ, இவள் மறுபடியும் எழுந்து போய்விடுவாளோ என்று அக்காவுக்குப் பயம். அதனால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஓட்டினாள். துண்டைப் பிழிந்து துடைத்தாள். முழங்காலில் பழைய தழும்பு அப்படியே இருந்தது. அக்கா சைக்கிள் மிதிக்க, பின்னால் உட்கார்ந்து வந்தவள் விழுந்து வாங்கியது. அதன் மேல் துண்டை மெதுவாக ஒற்றினாள். பவுடர் தூவினாள். மணிக்கட்டில் சூடு பார்த்து, மரக்குச்சியில் வேக்ஸைச் சுழற்றி எடுத்தாள்.

"இரு," என்றாள் வால்.

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

"எல்லாரையும் கேக்கறத என்னை ஏன் கேக்கல?"

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாததா?"

"தெரியாது. கேளு."

அக்கா குச்சியை டப்பாவிலேயே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கனைத்துக்கொண்டாள்.

"கடைசியா எப்ப எடுத்தே?"

"இதே கட்டில்ல, நீதான் எடுத்துவிட்டே. அப்புறம் யாருகிட்டயும் காலக் கொடுக்கல. ஷேவ்தான்."

"வேக்ஸ் போடற கையால ஷேவா? வெக்கமாயில்ல?"

பெஞ்சுப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது.

"இப்பக் கொஞ்ச நாளா அதுவும் இல்ல. குனிஞ்சா தலை சுத்துது."

அக்கா அதை வாங்கிக்கொள்ளவில்லை. தங்கை பேசுகிறாள் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. எண்ணெய், கிரீம்? இல்லை. மருந்து? இல்லை. வெயில்? இல்லை. சர்க்கரை? இல்லை. தினம் பாடுகிற பாட்டு, நாக்கு தானாக அடுத்ததற்குப் போனது.

"மாசமா இருக்கீங்களா?"

வால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா."

ஆமாம் என்று சொன்னவர்கள் இதற்கு முன்பும் உண்டு. எத்தனையாவது மாதம் என்று கேட்டுக்கொண்டு பக்குவமாகச் செய்து அனுப்புவாள். இன்று ஸ்டூலோடு கட்டிலுக்கு நெருங்கி உட்கார்ந்தாள். வாலுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு முறை கரு தங்கி, கலைந்துபோயிருந்தது. அப்போது ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தது இதே அக்காதான்.

"போன தடவை மாதிரி ஆயிடுமோன்னு யாருகிட்டயும் மூச்சு விடல," என்றாள் வால். "உன்கிட்ட சொல்லணும்னு போன எடுப்பேன், கீழ வெச்சுடுவேன். இங்க வந்து படுத்துட்டா நீயே கேப்பேன்னு நெனச்சேன். டீச்சரையே விடாதவ நீ. கடைசியில பாத்தா, என்னை மட்டும் கேக்காம பவுடரப் போடறே."

அக்கா அழுதுவிட்டாள். துண்டால் முகத்தைத் துடைக்கப் போய், பவுடர் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடீ."

"நான் அந்தப் பொண்ணக் கேட்டிருக்கணும்," என்றாள் வால். "இப்பல்லாம் கேக்காம யாரையும் தொடறதில்ல. அங்க என் பேரு என்னன்னு நெனக்கறே? என்கொயரி!"

அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எழுந்து, வேக்ஸைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரை அணைத்தாள்.

"ஏன் அணைக்கறே?"

"இந்த நேரத்துல தோல் முன்ன மாதிரி இருக்காது. ஓரமா கொஞ்சூண்டு எடுத்துப் பாத்துட்டு, நாளைக்கு ஒண்ணும் ஆகலேன்னாதான் மிச்சம். இது கூடத் தெரியாத என்கொயரியா நீ?"

கெண்டைக்காலில் பொட்டு அளவுக்கு வேக்ஸை வைத்து, தோலை விரலால் இழுத்துப் பிடித்து, நறுக்கென்று எடுத்தாள். அந்த இடத்தைக் குளிர்ந்த துணியால் அழுத்திக்கொண்டாள். பிடியை விட மனசு வரவில்லை.

"அப்ப நாளைக்கும் வரணுமா?"

"நாளைக்கும் வரணும்."

"அம்மா, என் புருவம் ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

வால் கட்டிலிலிருந்து இறங்கித் திரையை விலக்கினாள். ஆணியில் அவளுடைய ஏப்ரன் வெளுத்து, மடிப்புக் கலையாமல் தொங்கியது.  அதை எடுத்துத் தலை வழியாக மாட்டிக்கொண்டு அக்காவுக்கு முதுகைக் காட்டினாள். அக்கா நாடாவைப் பிடித்து, வயிற்றை அழுத்தாமல், தளர்வாகக் கட்டிவிட்டாள்.

டீச்சர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வால் நூலைப் பிரித்து விரலில் சுற்றியபடி குனிந்தாள்.

"டீச்சர், மாசமா இருக்கீங்களா?"

"நான் இல்லம்மா. நீதான்னு இங்க வரைக்கும் கேட்டுச்சு," என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல். "நல்லா இரு. ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிட்டே செய்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டிருந்தாள்.